பேந்து கதைப்பம்

அவள் கதைக்க வரும்போது தடுக்காதீர்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம், சொல் கிடைக்காமல் தடுமாறினால் எடுத்துக் கொடுக்க வேண்டாம், வாயில் எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் முடிந்தமட்டும் கதைக்க விடுங்கள் என்றார். மகள் அதைப் பிரெஞ்சில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையை எங்காவது சுவரில் கொண்டுபோய் முட்டலாம் போல இருக்கிறது.

என் மனைவிக்கு வந்தது மறதி அல்ல. ஆட்களைத் தெரியும், வீட்டுக்கு வழி தெரியும், குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று தெரியும். சொற்கள்தான் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. மற்றவர்களுக்கு எப்படியோ, அவளுக்குக் கடைசியாகப் படித்த மொழி முதலில் போனது. முதலில் பிரெஞ்சு, பிறகு இங்கிலீஷ். தமிழ் மட்டும் மிஞ்சி நின்றது. அதுவும் நிலைக்காது, பனி கொட்டத் தொடங்கும்வரை இருந்தால் பெரிய காரியம் என்று டாக்டர் சொன்னது சித்திரை மாதத்தில். ஆக, எங்கள் கையில் இருந்தது ஒரு கோடைகாலம்.

நோயை முதலில் கண்டுபிடித்தது நானுமில்லை, டாக்டருமில்லை. அவள் மொன்றியலில், வில்லரேயில் ஒரு கார்டெரியில் வேலை செய்தாள். தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து பஸ், ரயில், மெட்ரோ என்று மூன்று மாறிப் போக வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் போய்வந்தாள். ஒருநாள் காலையில் நான் புவாண்ட்-கிளேரில் வேர்ஹவுஸில் வேலையில் நிற்கும்போது கார்டெரியின் பொறுப்பாளர் போன் எடுத்தார். "உங்கள் மனைவி காலையிலிருந்து பிள்ளைகளோடு உங்கள் மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார். நிறுத்தச் சொன்னால் அவருக்கு விளங்கவில்லை" என்றார். நான் அரக்கப்பரக்க ஓடினேன். போய்ப் பார்த்தால், "சப்பாத்தைக் கொண்டாங்கோ, தொப்பியைக் கொண்டாங்கோ" என்று இவள் சொல்ல, எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ, வெள்ளை, கறுப்பு, அரபு எல்லாம், வரிசையாகச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கின்றன. ஒரு பிள்ளையும் அழவில்லை. பொறுப்பாளருக்குத்தான் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு இங்கிலீஷும் கழன்றது. மூலையில் இருக்கும் டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போய், வெறுங்கையோடு கோபமாகத் திரும்பி வருவாள். "அந்தக் கடைக்காரன் சரியான மொக்கன். ஒண்டும் விளங்குதில்லை அவனுக்கு" என்பாள். நான் சிரித்துவிட்டு நானே போய் வாங்கி வருவேன். சிரித்தேன் என்று சொல்லுவதில் வெட்கமில்லை. அழுதுகொண்டா பால் வாங்க முடியும்?

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஊரில் படிக்கும்போது வரலாற்றுப் பாடத்தில் கெட்டிக்காரி. எங்கள் புத்தகத்தில் பாதிக்கு மேல் அனுராதபுரமும் பொலன்னறுவையும்தான்: எந்த அரசன் எந்தக் குளம் கட்டினான், எந்தத் தூபிக்கு எத்தனை முழம். எல்லாவற்றையும் பாடமாக்கி எழுதி, பரீட்சையில் அதிவிசேட சித்தி எடுத்தவள், ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் மெயில் ரயில் அனுராதபுரத்தில் நிற்கும்போது ஸ்டேஷன் பெயர்ப்பலகையைத்தான் பார்த்திருக்கிறாள். யானை விஷயமும் அப்படித்தான். கார்டெரிப் பிள்ளைகளுக்கு விதவிதமாக யானை கீறிக் கொடுப்பாள். அவள் நேரில் பார்த்ததெல்லாம் சங்கிலி போட்ட கோயில் யானை. "ஒருக்கா அதுகளைக் காட்டுக்குள்ளை பாக்கோணும், சிகிரியாவைப் பாக்கோணும்" என்று சொல்லாத வருடமில்லை. நானும் ஓம் ஓம் என்று சொல்லாத வருடமில்லை.

மகள் இன்டர்நெட்டில் தேடி, வானும் சாரதியும் ஹோட்டலுமாகப் பதினொரு நாள் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தாள். வில்பத்துக் காடு, அனுராதபுரம், மின்னேரியா, சிகிரியா, பொலன்னறுவை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, கைக்குழந்தை வேறு. "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ அப்பா. அங்கை போனா அம்மா நல்லாக் கதைப்பா. இஞ்சை அவவுக்குக் கதைக்க ஆர் இருக்கினம், நீங்கள் மட்டுந்தானே" என்றாள். அதுதான் பயணத்தின் நோக்கம். யானை இரண்டாம் பட்சம். இருக்கிற சொற்களை அவள் ஆசைதீரச் செலவழிக்க வேண்டும்.

செய்தி கேட்டுக் கோயிலில் ஒருவர் பகிடி பண்ணினார். "என்ன அண்ணை, புத்தருக்கு ஏதும் நேத்தியோ? சனம் ஊர்த் திருவிழாவுக்குப் போகுது, நீங்கள் விகாரை பாக்கப் போறியள்." ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் முழுப் பேரும் இப்போது பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள், அங்கே போய் யாரோடு கதைப்பது என்று கேட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். வாயடைக்க வைப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

செப்டம்பரில் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து வான் வெளியே வந்து முதலாவது சந்தியில் நிற்கும்போதே என் வாய் இறுகிவிட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்லத்தான் வேண்டும். இருபது வயதில் நான் கொழும்பில் வேலை செய்தபோது ஒரு கலவரம் வந்தது. நான் ஏறியிருந்த பஸ்ஸைக் கூட்டமொன்று மறித்து உள்ளே ஏறியது. தமிழரைப் பிடிக்க ஒவ்வொருவரையும் சிங்களத்தில் கதைக்கச் சொன்னார்கள். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்து நித்திரைபோலக் கிடந்தேன். பக்கத்திலிருந்தவர் வாயைத் திறந்தார், இறக்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது. வாயைத் திறக்காததால் நான் இன்றைக்கு இருக்கிறேன். வவுனியாவுக்குத் தெற்கே தமிழில் சத்தம் வைக்கக்கூடாது என்பது அன்றைக்கு என் உடம்புக்குள் போனது. பிறகு யுத்தம் முடிந்து, ஊர்ச்சனம் தென்பகுதிக்கெல்லாம் சுற்றுலா போய்ப் படம் போடுகிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சாரதி ஐம்பது வயதுச் சிங்களவர். நல்ல வெள்ளைச் சட்டை, மெல்லிய சிரிப்பு, கொஞ்ச இங்கிலீஷ். இவள் வானில் ஏறி இருந்ததும் தொடங்கிவிட்டாள். "இஞ்சருங்கோ, தென்னையளைப் பாருங்கோ. எவ்வளவு... எவ்வளவு..." சொல்லைத் தேடினாள். நான் அவள் தொடையில் தட்டினேன்.

"கதையாதையும். பேந்து கதைப்பம்" என்றேன் காதுக்குள். பிறகு கதைப்போம், ஹோட்டலுக்குப் போய்க் கதைப்போம் என்று அர்த்தம். அந்தப் பயணத்தில் நான் ஆகக் கூடுதலாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

வில்பத்தில் விடியக்காலம் ஜீப்பில் ஏறினோம். மணல் வழி, இரண்டு பக்கமும் பாலை மரங்கள், இடைக்கிடை வில்லு என்கிற தாமரைக் குளங்கள். மான்கள் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டுக்கு மேய்ந்தன. வழிகாட்டி ஒருவன் எங்களோடு வந்தான். மிருகங்கள் வெருளும், சத்தம் போடவேண்டாம் என்று அவன் கையால் காட்டினான். எனக்கு அது பெரிய ஆறுதல். இங்கே எல்லாரும் வாய் மூட வேண்டும், நான் மட்டும் பொல்லாதவன் இல்லை. ஒரு திருப்பத்தில் ஜீப் நின்றது. எங்கள் யாருக்கும் முதல் அவள் கண்டாள். பற்றைக்குக் கீழே, மணலில், காலை நீட்டிப் படுத்திருந்தது.

"புலி! புலி! இஞ்சருங்கோ, புலி!" என்று கத்தினாள்.

என் கை போய் அவள் வாயைப் பொத்தியது. நான் யோசித்துப் பொத்தவில்லை. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதற்காக ஆட்கள் காணாமல் போன காலத்தில் வளர்ந்தவன் நான். வழிகாட்டி திரும்பிப் பார்த்தான். அவன் பல்லைக் காட்டிச் சிரித்து, பெருவிரலை உயர்த்தி, "மேடம், குட் ஐஸ்" என்றான். சிறுத்தைப்புலி எழும்பி, சோம்பல் முறித்து, எங்களைக் கணக்கெடுக்காமல் காட்டுக்குள் போய்விட்டது. அவள் என் கையைப் பிடித்துத் தள்ளினாள். "என்ன செய்யிறியள் நீங்கள்?" என்று கேட்ட கண்ணில் நல்ல கோபம். பேந்து சொல்லுறன் என்றேன்.

அனுராதபுரத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் நடக்க வேண்டும். எங்கும் வெள்ளை உடுப்புச் சனம், கையில் தாமரைப் பூவும் ஊதுபத்தியும். இத்தனை பேருக்கு நடுவில் இவள் தமிழில் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? எனக்கு ஒரு விசர் யோசனை வந்தது. பிரெஞ்சில் கதைத்தால் வெளிநாட்டார் என்று நினைப்பார்கள் அல்லவா? அவளைப் பிரெஞ்சில் கூப்பிட்டேன், பிரெஞ்சில் இங்கே வா, அங்கே பார் என்றேன். அவள் தலையில் இருந்து முதலில் போன மொழியில்! முன்பின் தெரியாத ஒருவன் கையைப் பிடித்து இழுப்பது போல அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. கட்டிய மனைவி என்னைப் பார்த்துப் பயந்ததை அங்கேதான் முதல்முதல் கண்டேன்.

வெள்ளரசு மரத்தடியில் அவள் வயதுப் பெண் ஒருத்தி தன் தட்டிலிருந்து ஒரு நீலத் தாமரையை எடுத்து இவள் கையில் வைத்தாள். இவளுக்கு முகம் மலர்ந்தது. "நல்லா இருங்கோ அக்கா, பிள்ளையள் நல்லா இருக்கட்டும்" என்றாள், சத்தமாக, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அந்தப் பெண்ணுக்கு மொழி விளங்கியிராது. ஆனால் சொன்னது விளங்கியது. சிங்களத்தில் ஏதோ சொல்லி இவள் கன்னத்தைத் தடவினாள். இரண்டு பேரும் நாலு நிமிடம் நின்றிருந்தால் தங்கள் தங்கள் மொழியில் குடும்பக் கதை முழுவதும் கதைத்து முடித்திருப்பார்கள். நான் நடுவில் புகுந்து, "தாங்க் யூ, கனடா, கனடா" என்று உளறிக்கொண்டு இவளை இழுத்துக்கொண்டு போனேன்.

ஹோட்டலுக்குப் போனால் கதைத்தோமா என்று கேட்பீர்கள். அவளுக்கு அதற்குள் சொல் களைத்துவிடும். காலையில்தான் பேச்சுக் கொஞ்சம் ஓடும், பொழுது சாயச் சாயக் குறைந்துவிடும். அது டாக்டரும் சொன்னது, எனக்கும் தெரிந்தது. ஆனாலும் காலை முழுவதும் வாயை அடைத்துவிட்டு, பின்னேரம் கட்டில் விளிம்பில் இருத்தி, "இப்ப சொல்லும், என்ன சொல்ல வந்தனீர்?" என்று இரண்டொரு நாள் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டேன்.

மின்னேரியாவில் மட்டும் ஒரு நல்ல நேரம் வாய்த்தது. குளம் வற்றிப் புல்வெளியாகிக் கிடந்தது. யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி நின்றன, எண்ண முடியாத அளவு. குட்டிகளை நடுவில் விட்டுத் தாய்கள் சுற்றி நின்றன. அவள் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று பார்த்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. திரும்பி வரும்போது ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனது, இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று நான் சும்மா இருந்தேன். அப்போது சொன்னாள்: "இஞ்சருங்கோ, யானையளும் குடும்பமாத்தான் திரியுதுகள். நாங்கள்தான் தனியத் தனிய." அந்த ஒரு வசனத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம்.

சிகிரியாவில் நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. மலை ஏற அவளால் முடியாது. கீழே அரசன் கட்டிய தண்ணீர்த் தடாகங்களின் ஓரமாக நடந்தோம். பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திறங்கியிருந்தார்கள். வெள்ளை உடுப்பு, கழுத்துப்பட்டி, தோளில் தண்ணிப் போத்தல். தமிழ்! "டேய், என்ரை தொப்பியைத் தாடா", "மிஸ், இவன் தள்ளுறான் மிஸ்" என்று வானம் பிளக்கக் கத்தினார்கள். ஒரு பயமும் இல்லை அந்தப் பிள்ளைகளிடம். ஏன் இருக்கவேண்டும்? யுத்தம் முடிந்த பிறகு பிறந்ததுகள். சீருடைக்காரர் ஒருவர் அவர்களை வழி விலக்கி விட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

அவள் என் கையை விட்டுவிட்டு நேரே அதுகளுக்கு நடுவில் போய்விட்டாள்.

"எவடம் பிள்ளையள்?"

"சாவகச்சேரி, அன்ரி!"

அவ்வளவுதான், மடை திறந்தது. மலையைக் காட்டி, "இது நான் படிச்சனான். தேப்பனைக் கொலைசெய்துபோட்டு, தம்பிக்குப் பயந்து, ராசா உதிலை ஏறி இருந்தவன். தெரியுமோ உங்களுக்கு?" என்றாள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "பிறகு என்ன அன்ரி?" என்று ஒரு பெட்டை கேட்டாள். இவள் கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லத் தொடங்கினாள். கார்டெரியில் கதை சொல்லும்போது இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்கவில்லை. பிறகு சறுக்கியது. அரசன் மலைவாசலில் கட்டிய சிங்கம் என்று சொல்லவேண்டிய இடத்தில் அந்தச் சொல் வரவில்லை, செருப்பு என்று வந்தது. மறுபடியும் செருப்பு. பொடியன்கள் இரண்டு பேர் கொடுப்புக்குள் சிரித்தார்கள்.

நான் பாய்ந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம், உங்களுக்கும் நம்பலாம் போல இருக்கும். பொய். பாதிக்கு மேல் வெட்கம். என் மனைவியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு வெட்கமே இருக்கவில்லை, அவளும் அதுகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"வாரும், வான் நிக்குது. பேந்து கதைப்பம்."

ஆசிரியை, சின்ன வயதுப் பிள்ளை, கிட்ட வந்து, "பரவாயில்லை ஐயா, அம்மா கதைக்கட்டும். பிள்ளையளுக்குச் சந்தோசம்" என்றாள். நான் அந்தத் தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து, "சொரி, வீ ஆர் லேட்" என்று இங்கிலீஷில் சொன்னேன். என்ன பிறவியோ நான். ஆசிரியையின் முகம் சுருங்கியது. பின்னால் ஒரு பொடியன், "வெளிநாட்டு எடுப்பு" என்று சொன்னது காதில் விழுந்தது. இவள் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிக் கை காட்டினாள். பிள்ளைகளும் காட்டினார்கள்.

அடுத்த நாள் பொலன்னறுவைக்குப் போகும் வழியில் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சேர், கோவிக்க வேணாம். எனக்குத் தமிழ் விளங்கும்" என்றார். தமிழில்தான் சொன்னார். "ஆறு வருசம் வெங்காய லொறி ஓடினது நான். யாழ்ப்பாணம், தம்புள்ள. அம்மா பேசுறது எல்லாம் விளங்குது. ஏன் சேர் அம்மாவை பேச விடுறதில்ல?"

ஐந்து நாளாக அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அவர் காதில் விழக்கூடாது என்று மனைவியின் தொடையில் தட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவவுக்கு வருத்தம், பேச்சுப் போகிற வருத்தம் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப இன்னும் பேசணுமே சேர்" என்றார்.

இவள் முன்சீட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். "தம்பிக்குத் தமிழ் தெரியுமோ!" அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வெங்காயக் கதைதான். சின்ன வெங்காயம் எப்போது கிண்டுவார்கள், மழை விழுந்தால் எப்படி அழுகும், லொறியில் மூட்டையை எப்படி அடுக்குவார்கள். சொல் வராத இடத்தில் அவர் பொறுத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. டாக்டர் சொன்னதை ஒரு லொறிச் சாரதி யாரும் சொல்லாமலே செய்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாகவும் இருந்தது.

அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பயம் என்று சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. பொலன்னறுவையில் கல் விகாரைக்கு முன்னால் ஆட்களும் அதிகமில்லை. ஒரே பாறையில் வெட்டிய சிலைகள். புத்தர் பக்கவாட்டில் படுத்திருக்கிறார், பரிநிர்வாணம். அவர் தலைமாட்டில் இன்னொரு உருவம், நெஞ்சில் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவும் புத்தர்தான் என்று சிலர் சொல்கிறார்கள், குருவைப் பறிகொடுத்த சீடன் என்று சிலர் சொல்கிறார்கள். அவள் படுத்திருந்த சிலையை விட்டுவிட்டு நின்ற சிலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனைத் தூக்கி, படுத்திருந்தவரின் தலையிலிருந்து கால்வரை ஆடாமல் அசையாமல் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அனுப்ப வேண்டும், நல்லாக வரவேண்டும். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ, இவர் ஏன்..."

"சூ! வீடியோ எடுக்கிறன். பேந்து கதைப்பம்."

அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு நாங்கள் வானுக்கு நடந்தோம், இளநீர் குடித்தோம், மிச்ச நாட்களும் முடிந்தன, விமானம் ஏறினோம்.

மொன்றியலுக்கு வந்து இரண்டு கிழமையில் அவளிடம் பத்துப் பதினைந்து சொற்கள் மட்டும் இருந்தன. பிறகு அதுவும் இல்லை. கடைசிச் சொல் எது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்வதுதான் கடைசி என்று சொல்லிவிட்டா வருகிறது? ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, அவள் குரல் கேட்டு மூன்று நாளாகிவிட்டது என்று விளங்கியது. வெளியே முதல் பனி விழுந்து உருகிவிட்டிருந்தது. உங்களால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, நோய் தன் வழியில் போகிறது, கதைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். போனது போகட்டும் ஐயா, இருந்ததை அல்லவா நான் கேட்காமல் விட்டேன் என்று அவருக்கு எந்த மொழியில் சொல்வது? இப்போது வீடு முழுவதும் நான்தான் கதைக்கிறேன். காலையில் எழும்பினதிலிருந்து தொணதொணவென்று. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சில வேளை தலையை ஆட்டுகிறாள். ஒருநாளும் என்னைச் சத்தம் போடாதே என்று தடுத்ததில்லை.

டிசம்பரில், நத்தார் விடுமுறையில் மகள் வந்தாள். தன் பிள்ளைக்கு அம்மம்மாவின் குரலைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றாள். பழைய விழா வீடியோக்களில் எல்லாம் குரலை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார்கள். போன் மெசேஜ்கள் அழிந்துபோய்விட்டன. "நீங்கள் ட்ரிப்பிலை எடுத்தது நிறைய இருக்குமே அப்பா, அதைப் பாப்பம்" என்றாள். நான் என் போனை நீட்டினேன். அதை டிவியோடு இணைத்தாள். சோபாவில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மனைவி.

தென்னை மரங்கள் வந்தன. "இஞ்சருங்கோ..." என்று குரல். "சூ" என்று என் குரல். மகள் சிரித்தாள். மான்கள் வந்தன. "அங்கை பாருங்கோ, அதின்ரை..." சூ. வெள்ளைத் தூபி வந்தது. "எவ்வளவு பெரிசு, நான் நினைச்சது..." சூ, பேந்து. தடாகம் வந்தது, குரங்கு வந்தது, என் சூ வந்தது. நாலைந்து கழிந்ததும் மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு முழு வசனம் எங்கேயாவது இருக்குமா என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்த்தாள். இல்லை. யானைக் கதை சொன்னபோதும் வெங்காயக் கதை சொன்னபோதும் நான் வீடியோ எடுக்கவில்லை. மனைவி மட்டும் டிவியை ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் வரும்போதெல்லாம் முகம் தெளிந்தது, யாரோ தெரிந்தவர் கதைப்பதைக் கேட்பதுபோல.

கடைசியாகக் கல் விகாரை. படுத்திருந்தவரின் தலை, தோள், நீட்டிய கை. ஆடாமல் அசையாமல் நன்றாகத்தான் எடுத்திருக்கிறேன். "இஞ்சருங்கோ, இவர் ஏன்..." மகள் அந்த இடத்தில் நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். இன்னொரு தரமும் போட்டாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, என்ன கேக்க வந்தனீங்கள்?" என்றாள். தாய் அவளைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள்.

மகள் என்னிடம் திரும்பினாள். அவள் குரலில் கோபமில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள்.

"நீங்கள் பேந்து கதைப்பம் எண்டு சொல்லுறியள். பேந்து அம்மா என்ன கேட்டவா அப்பா?"

ஏதாவது ஒன்றைச் சொல்லி அவளைச் சமாளித்திருக்கலாம். சிலை ஏன் கை கட்டி நிற்கிறது என்று கேட்டாள், ஏன் அழுகிறார் என்று கேட்டாள், எதையாவது. மனைவி எங்கள் நடுவில் இருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேந்து நான் கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.